பல் வளர்ச்சி ஆய்வில் நுழைபவர்களுக்கு: முதல் சில மாதங்களில் செய்ய வேண்டியவை

பல் மருத்துவம் முடித்துவிட்டு ஆய்வுக்கு வருபவர்களும் சரி, உயிரியலில் முதுகலை முடித்து வருபவர்களும் சரி, பல் வளர்ச்சியை ஆராயும் ஆய்வகத்தில் சேர்ந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த மரபணுவில் வேலை செய்யலாம்?" அந்தக் கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். இந்தத் துறையில் மரபணுப் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. வளரும் பல்லில் இயங்கும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகிவிட்டன. திசுவை மெல்லிய சீவலாக வெட்டி ஒட்டிய ஸ்லைடைப் பார்த்ததும், "இது கருவின் 14.5ஆம் நாள், அது 13.5ஆம் நாள், ஆனால் சீவல் சாய்ந்துவிட்டது" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். கண்ணைப் பழக்கிக்கொள்ளாமல் மரபணுவுக்குப் போனவர்கள் எழுதும் முடிவுகளில் பாதி, உண்மையில் நாள் கணக்கின் குழப்பங்கள்.

கீழே சொல்லும் வரிசை சுண்டெலியை வைத்து அமைந்தது. விலங்குக்கூடம் இல்லாத கல்லூரியில் இருப்பவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு பல்லைத் தேர்ந்தெடுங்கள்

நம் அக்கறை மனிதப் பல்லில்தான். ஆனால் மனிதப் பல் மெதுவானது. கருவின் ஆறாவது வாரத்தில் தொடங்கும் வேலை, ஞானப்பல்லின் வேர் நுனி மூடும்போதுதான் முடிகிறது. அதற்குள் அந்தக் கரு இருபது வயதைத் தொட்டுவிடும். சுண்டெலி ஏறக்குறைய 19 நாளில் பிறக்கிறது. அதன் முதல் கடைவாய்ப்பல் பிறந்து சுமார் 16 நாளில் ஈறைத் துளைத்து வெளியே வந்துவிடுகிறது. கரு உருவாவது முதல் பல் முளைப்பது வரை ஐந்தே வாரத்தில் பார்த்துவிடலாம்.

சுண்டெலியின் ஒவ்வொரு தாடைப் பாதியிலும் ஒரு வெட்டுப்பல், மூன்று கடைவாய்ப்பற்கள், நடுவே பல்லே இல்லாத இடைவெளி. மொத்தம் 16 பற்கள். இவற்றுள் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையைப் பிரித்தெடுப்பது மேல்தாடையைவிடச் சுலபம். வெளிவந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பல்லைப் பற்றியவை என்பதால், உங்கள் ஸ்லைடை ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களும் ஏராளம்.

சுண்டெலி எதைக் காட்டாது என்பதையும் முதல் நாளே குறித்து வையுங்கள். அதற்குப் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைப்பது கிடையாது. கோரைப்பல் இல்லை, முன்கடைவாய்ப்பல்லும் இல்லை. ஆகவே பல் மாற்றத்தைப் பற்றிக் கேட்க நினைப்பவர் ஃபெரெட் (கீரி போன்ற ஒரு சிறு விலங்கு), சிறுபன்றி, முதலை, பல்லி, சுறா போன்றவற்றின் பக்கம் போக வேண்டும். வரிக்குதிரை மீனும் வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றும், ஆனால் அதன் பற்கள் வாயில் இல்லை. தொண்டைக்குள், ஐந்தாவது செவுள் வளைவின்மேல் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் மீனின் தாடையைத் தேடித் தேடிப் பார்ப்பது இத்துறையின் பழைய வேடிக்கை.

வெட்டுப்பல்லை முழுவதுமாக ஒதுக்கிவிடாதீர்கள். சுண்டெலியின் வெட்டுப்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பின்முனையில் ஸ்டெம் செல்கள் புதிய செல்களைத் தந்துகொண்டிருக்க, முன்முனை தேய்ந்துகொண்டிருக்கும். நீளவாக்கில் வெட்டிய ஒரே சீவலில், இன்று பிறந்த செல்லிலிருந்து எனாமலைச் சுரந்து முடித்த செல் வரை எல்லாமே வரிசையாக நிற்கும். எனாமலும் வெளிப்பக்கம் மட்டும்தான். நாக்குப் பக்கம் வேரைப் போல நடந்துகொள்கிறது. எனாமல் செல்களைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாம் படி: நாட்காட்டியை மனப்பாடம் செய்யுங்கள்

மனப்பாடம் என்றே சொல்கிறேன். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு அது இப்படிப் போகும்:

11.5ஆம் நாள்: வாயின் எபிதீலியம் (உட்பரப்பை மூடும் செல் அடுக்கு) ஓரிடத்தில் தடிக்கிறது. புதியவர் கண்ணுக்கு இது தெரியாது. தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

12.5 முதல் 13.5 வரை: தடித்த பகுதி கீழே உள்ள மீசென்கைம் என்ற தளர்வான கருத் திசுவுக்குள் இறங்கி மொட்டாகிறது. மொட்டைச் சுற்றி மீசென்கைம் செல்கள் நெருங்கி அடர்ந்து நிற்கும். இந்த மீசென்கைமின் பெரும்பகுதி, நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு முகத்துக்கு வந்து சேர்ந்த நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வந்தது.

14.5: தொப்பி நிலை.

16.5 முதல்: மணி நிலை (கோயில் மணியின் வடிவம்). பல்லின் முகடுகள் உருவெடுக்கின்றன.

பிறப்பை ஒட்டி: முகடுகளின் உச்சியில் முதலில் டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் கடினத் திசு), அதைத் தொடர்ந்து எனாமல்.

பிறந்து நான்கைந்து நாளுக்குப் பிறகு: வேர் தொடங்குகிறது.

இவற்றுள் 14.5ஆம் நாளில் கொஞ்சம் தங்கிப் பார்ப்போம். தாடையைக் குறுக்காக வெட்டிய சீவலை ஹிமடாக்சிலின்-இயோசின் சாயமிட்டு நுண்ணோக்கியில் வையுங்கள். நாக்குக்கு இரு பக்கமும், வாயின் எபிதீலியத்திலிருந்து ஒரு காம்பு இறங்கி, முனையில் விரிந்து தொப்பியாகக் கவிழ்ந்திருக்கும். தொப்பிக்குள்ளே அடர்ந்திருப்பது பாப்பில்லா: நாளைய டென்டினும் பல்கூழும். தொப்பியின் வெளியே சுற்றி வெங்காயச் சருகு போல மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருப்பது ஃபாலிக்கிள்: நாளைய தாங்கு திசுக்கள். தொப்பியின் உட்கூரை நடுவில் செல்கள் திணிந்து ஒரு சிறு கட்டியாக நிற்கும். அதுதான் எனாமல் முடிச்சு. சுற்றியுள்ள செல்கள் எல்லாம் பிரிந்து பெருகிக்கொண்டிருக்க, முடிச்சின் செல்கள் மட்டும் பிரிவதில்லை. பிரியாமல் நின்றுகொண்டு, மற்றவற்றைப் பிரியச் சொல்லும் எஃப்ஜிஎஃப்4 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஹெல்சின்கியில் யுக்கா யெர்ன்வால், இர்மா தெஸ்லெஃப் குழு 1994இல் இதைக் காட்டியது. ஊரை வேலைக்கு ஏவிவிட்டுத் தான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் செல்கள் செத்துப் போகின்றன. பின்னர் ஒவ்வொரு முகடும் தோன்றும் இடத்தில் இரண்டாம் நிலை முடிச்சுகள் வருகின்றன. கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளங்களுக்கு வரைபடம் போடுபவை இவையே.

இந்த முடிச்சை உங்கள் சொந்த ஸ்லைடில் கண்டுபிடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். நடுச் சீவலில் மட்டுமே அது தெளிவாகத் தெரியும். முன்னும் பின்னும் வெட்டியவற்றில் தெரியாது. ஆகவே ஒரு பல்லிலிருந்து ஒரே சீவலை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து முதல் ஏழு மைக்ரான் தடிமனில் தொடர்ச்சியாக வெட்டி, வரிசை எண் போட்டு, பல் தொடங்கும் சீவல் முதல் முடியும் சீவல் வரை முழுவதையும் பாருங்கள்.

மூன்றாம் படி: நாளைச் சரிபாருங்கள்

ஆண், பெண் எலிகளை இரவு சேர்த்து வைத்து, காலையில் பெண்ணின் யோனியில் விந்து உறைந்த அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அன்று நண்பகல் 0.5ஆம் நாள். இது ஒரு கணக்குதானே தவிரக் கருவின் உண்மையான வயது அல்ல. இரவில் எந்த நேரத்தில் இணைந்தன என்பது யாருக்கும் தெரியாது. ஒரே தாயின் வயிற்றுக் குட்டிகளிடையேகூட அரை நாள் வளர்ச்சி வித்தியாசம் சாதாரணம். தொப்பி நிலைக்கு அரை நாள் என்பது மிகப் பெரிய இடைவெளி.

அதனால் ஒவ்வொரு கருவையும் வெட்டுவதற்கு முன் கைகால்களைப் பாருங்கள். விரல்கள் தட்டையான துடுப்புக்குள் வரிகளாக மட்டும் தெரிகின்றனவா, நுனிகள் பிரியத் தொடங்கிவிட்டனவா, முழுக்கப் பிரிந்துவிட்டனவா என்று குறிப்பேட்டில் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். மரபணு நீக்கப்பட்ட கருவில் "பல் வளர்ச்சி தாமதம்" என்று தோன்றினால், முதலில் இந்தப் படத்துக்குத் திரும்புங்கள். கரு முழுவதுமே பின்தங்கியிருந்தால் அது பல்லின் கதையே அல்ல.

நான்காம் படி: எலியைத் தொடுவதற்கு முன் இணையத்தில் பயிலுங்கள்

ஜீன்பெயின்ட் என்ற தொகுப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சுண்டெலிக் கருவில் எங்கெங்கே இயங்குகின்றன என்று சீவல் சீவலாகச் சாயமிட்ட படங்கள் அதில் இருக்கின்றன. நமக்கு அதிர்ஷ்டம் என்னவென்றால், அந்தப் படங்களில் பெரும்பாலானவை 14.5ஆம் நாள் கருக்கள். அதாவது சரியாகத் தொப்பி நிலை. யூரெக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு தொகுப்பும் அதே நாளைத்தான் எடுத்துக்கொண்டது. முகமும் தாடையும் பற்றிய தரவுகளுக்கு ஃபேஸ்பேஸ் இருக்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். சோனிக் ஹெட்ஜ்ஹாக், எம்எஸ்எக்ஸ்1, பாக்ஸ்9, பிஐடிஎக்ஸ்2 ஆகிய நான்கையும் ஜீன்பெயின்ட்டில் தேடுங்கள். கரு பக்கவாட்டில் வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் பழகிய குறுக்குச் சீவல் அல்ல. கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் எது, வெட்டுப்பல் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு எந்த மரபணு எபிதீலியத்தில், எது மீசென்கைமில் என்று பென்சிலால் வரைந்து நிரப்புங்கள். பிஐடிஎக்ஸ்2 எபிதீலியத்தோடு நின்றுவிடும்; எம்எஸ்எக்ஸ்1, பாக்ஸ்9 இரண்டும் மீசென்கைமில் பலமாக இருக்கும்; சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஒரு சிறு புள்ளியில் குவிந்திருக்கும். அந்தப் புள்ளி என்ன என்று இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காசு செலவில்லாத வேலை இது. விலங்குக்கூடம் இல்லாதவர்களும் இதை முழுமையாகச் செய்யலாம்.

ஐந்தாம் படி: பழைய பரிசோதனைகளைப் படியுங்கள்

பழைய கட்டுரைகளைப் புரட்டாமல் நேராக ஒற்றைச் செல் வரிசைப்படுத்தலுக்கு (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படிக்கும் முறை) தாவும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இத்துறையின் மையக் கேள்வி எளியது: எபிதீலியமும் மீசென்கைமும் பேசிக்கொள்கின்றன, எப்போது யார் ஆணையிடுகிறார்? அதற்கு விடை சொன்னவை கத்தியும் ஊசியும்தான்.

1969, 1970ஆம் ஆண்டுகளில் எட்வர்ட் கொல்லரும் கிரேஸ் பெயர்டும் சுண்டெலியின் பற்களைப் பிரித்து மாற்றிச் சேர்த்தார்கள். வெட்டுப்பல்லின் எபிதீலியத்தோடு கடைவாய்ப்பல்லின் பாப்பில்லாவைச் சேர்த்தால் கடைவாய்ப்பல் வந்தது. பாத எபிதீலியத்தோடு பல் பாப்பில்லாவைச் சேர்த்தாலும் பல் வந்தது. ஆக, ஆணை மீசென்கைமிடம். ஆனால் 1987இல் மினாவும் கொல்லரும் இன்னும் இளைய கருக்களை எடுத்துச் செய்தபோது விடை தலைகீழானது. 12ஆம் நாளுக்கு முந்தைய தாடை எபிதீலியத்தை, கருவில் தாடைக்கு அடுத்து இருக்கும், வழக்கமாகப் பல்லே தராத இரண்டாம் செவுள் வளைவின் மீசென்கைமோடு சேர்த்தால் பல் உருவாகிறது. மறுவருடம் லம்ஸ்டன் தனியாகச் செய்த வேலையும் இதையே சொன்னது. முதலில் எபிதீலியம், 12ஆம் நாளை ஒட்டி அதிகாரம் கைமாறி, பிறகு மீசென்கைம். இரண்டு குழுவும் சரி, நாள் வேறு. நாட்காட்டியை மனப்பாடம் செய்யச் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

1998இல் டக்கர், மாத்யூஸ், ஷார்ப் மூவரும் லண்டனில் செய்தது இன்னும் நேர்த்தி. செல்களுக்கிடையே செய்தி சொல்லும் பிஎம்பி4 புரதத்தின் சமிக்ஞையைத் தடுக்கும் நாகின் புரதத்தில் ஊறிய, பாசிமணி போன்ற ஒரு நுண்மணியை, மிக இளைய தாடையில், வெட்டுப்பல் வர வேண்டிய இடத்தில் வைத்தார்கள். அந்த இடத்தில் கடைவாய்ப்பல்லுக்குரிய பார்எக்ஸ்1 மரபணு இயங்கத் தொடங்கி, கடைவாய்ப்பல் போன்ற பல் வளர்ந்தது.

எச்சரிக்கைக்கும் ஒரு கதை வேண்டும். 1980இல் கொல்லரும் ஃபிஷரும் கோழிக் கருவின் எபிதீலியத்தோடு சுண்டெலிப் பல் மீசென்கைமைச் சேர்த்து, எலியின் கண்ணுக்குள் வளர்த்து, எனாமலோடு பல் கிடைத்ததாக வெளியிட்டார்கள். "கோழிப் பல்" உலகப் புகழ் பெற்றது. ஆனால் கோழியின் மரபணுத் தொகுதியைப் பின்னர் படித்தபோது, எனாமல் புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் சிதைந்தோ தொலைந்தோ போயிருப்பது தெரிந்தது. கோழி எபிதீலியம் உண்மையான எனாமலைச் சுரந்திருக்க வழியில்லை. பிரித்தெடுத்த மீசென்கைமில் கொஞ்சம் சுண்டெலி எபிதீலியம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதே பலரின் சந்தேகம். நீங்கள் திசுக்களைப் பிரித்துச் சேர்க்கும் எந்தப் பரிசோதனையிலும், பிரித்த மீசென்கைமைத் தனியாக வளர்த்துப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். அதிலிருந்து பல் வந்தால் உங்கள் பிரிப்பு சுத்தமாக இல்லை.

ஆறாம் படி: மேசையில் உட்காருங்கள்

இந்தியாவில் விலங்குப் பரிசோதனைக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பிக்காமல் திட்டமிடாதீர்கள். ஒப்புதல் வரும் இடைவெளியில் மேலே சொன்ன படிகளை முடித்துவிடலாம்.

தாடையைப் பிரிக்க 13.5ஆம் நாள் கருவிலிருந்து தொடங்குங்கள். பனிக்கட்டியில் வைத்த உப்புக் கரைசலில் தலையைத் துண்டித்து, வாயின் இரு மூலைகளிலிருந்தும் பின்னோக்கி வெட்டினால் கீழ்த்தாடை கையோடு வந்துவிடும். நாக்கை அடியோடு எடுத்துவிடுங்கள். கீழிருந்து ஒளி விட்டுப் பார்த்தால், தாடையின் பின்பகுதியில் இரு பக்கமும் மொட்டு மங்கலாகத் தெரியும். வெட்ட விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். சிரிஞ்சில் பொருத்திய மெல்லிய ஊசிகள் இரண்டு போதும். ஒன்றால் பிடித்து, மற்றதால் அதன்மேல் உரசி வெட்டுங்கள். இழுத்தால் கிழியும்.

வளர்ப்பு முறை 1950களில் ட்ரோவல் வகுத்ததன் வழிவந்தது. கிண்ணத்தில் ஒரு உலோக வலைமேடை, அதன்மேல் நுண்துளை வடிகட்டித் தாள், அதன்மேல் திசு. வளர்ப்பு நீர்மம் தாளின் அடியைத் தொட வேண்டும், திசுவை மூழ்கடிக்கக் கூடாது. காற்றும் நீர்மமும் சந்திக்கும் மட்டத்தில்தான் திசு உயிரோடிருக்கும். 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நீர்மத்தில் வைட்டமின் சி கட்டாயம். அது இல்லாவிட்டால் கொலாஜன் சரியாக உருவாகாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை நீர்மத்தை மாற்றுங்கள். தினமும் ஒரே உருப்பெருக்கத்தில் படம் எடுங்கள். உள்ளே நடப்பதை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால், தாடையைத் திசு நறுக்கியில் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக்கி வளர்க்கும் முறையும் இருக்கிறது. தொப்பி கவிழ்வதைக் கண்ணாலேயே காணலாம்.

ஒப்பீட்டுக்கு வேறு கருவைத் தேடாதீர்கள். ஒரே கருவின் வலப்பக்கப் பல்லுக்கு மருந்து, இடப்பக்கப் பல் ஒப்பீடு. வயது, தாய், மரபணு எல்லாம் ஒன்றாகிவிடும். புரதத்தில் ஊறிய நுண்மணியை வைத்தால், இடப்பக்கம் வெறும் ஆல்புமின் என்ற சாதாரணப் புரதத்தில் ஊறிய நுண்மணி இருக்கட்டும். நுண்மணி வைத்ததாலேயே திசு மாறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிண்ணத்தில் பல் சிறிதாகவே வளரும். இரத்த ஓட்டம் இல்லாததால் கடினத் திசுவும் நன்றாக அமையாது. அதற்கு மேல் வளர வேண்டுமென்றால் எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைப்பது வழக்கம். அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். படித்துக் கற்கக் கூடியது அல்ல.

இவ்வளவு எளிய கருவிகளால் பெரிய கேள்வி கேட்க முடியுமா என்றால், கவானா, எவான்ஸ், யெர்ன்வால் மூவரும் 2007இல் செய்ததைப் பாருங்கள். சுண்டெலியின் இரண்டாம் கடைவாய்ப்பல் முதல் பல்லின் பின்முனையில் நீளும் வாலிலிருந்து தோன்றுகிறது. அந்த வாலை வெட்டிப் பிரித்துத் தனியே வளர்த்தார்கள். இரண்டாம் பல் வழக்கத்தைவிட முன்னதாகத் தொடங்கிப் பெரிதாகவும் வளர்ந்தது. ஆக, முன்னே இருக்கும் பல் பின்னே வரும் பல்லைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு தடையை வைத்தே, பல எலியினங்களில் மூன்று கடைவாய்ப்பற்களின் அளவு விகிதத்தைக் கணிக்க முடிந்தது. பரிசோதனையின் உயிர்நாடி ஒரு வெட்டும் ஒரு அளவுகோலும்.

ஏழாம் படி: தாங்கு திசுக்களுக்கு வேறு நாட்காட்டி

சிமென்டம் (வேரை மூடும் கடினப் படலம்), பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள், பல்குழி எலும்பு ஆகியவை பல்லின் தாங்கு திசுக்கள். பல்லை மட்டும் ஆராய்பவர்கள் இவற்றைப் பிற்சேர்க்கையாக வைத்துக்கொள்கிறார்கள். பல் மருத்துவர்களுக்குத் தெரியும், வயதான பலருக்குப் பல் போவது சொத்தையால் அல்ல, இவை அழிவதால். எனவே இதில் நுழைய நினைப்பவர்களுக்கு இடம் நிறைய இருக்கிறது.

இவை பிறப்புக்குப் பின் நடப்பவை. மணி நிலைப் பல்லின் விளிம்பில் எபிதீலியத்தின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் சேர்ந்து இரட்டைத் திரையாகக் கீழே இறங்குகின்றன. இதுதான் ஹெர்ட்விக் வேர் உறை. திரைக்கு உள்ளே டென்டின் படியும். பின்னர் திரை கிழிந்து துண்டாகும். அந்தக் கிழிசல்களின் வழியே ஃபாலிக்கிள் செல்கள் உள்ளே புகுந்து வேரைத் தொட்டுச் சிமென்டத்தைப் படிய வைக்கின்றன. கிழிந்த துண்டுகள் நார்களுக்கிடையே வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். அவையே மலாசெஸ் எச்சங்கள். 1970களின் தொடக்கத்தில் டென் கேட் குழு, வளரும் பற்களை வேறிடத்தில் பதித்து, சிமென்டம், நார்கள், எலும்பு மூன்றுமே ஃபாலிக்கிளிலிருந்து வரக்கூடியவை என்று காட்டியது.

ஃபாலிக்கிளின் அதிகாரத்தை உணர மார்க்ஸ், காஹில் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். நாயின் தாடைக்குள் முளைக்கத் தயாராக இருந்த முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, ஃபாலிக்கிளை மட்டும் அப்படியே விட்டு, உயிரற்ற மாதிரிப் பல்லை உள்ளே வைத்தார்கள். அந்த மாதிரி முளைத்து வந்தது! அதே ஆய்வாளர்கள் முன்னரே காட்டியிருந்ததைப் போல, ஃபாலிக்கிளை எடுத்துவிட்டால் உயிருள்ள பல்லும் முளைக்காது. பல் முளைப்பது பல்லின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த எவரையும் இது நிமிர்ந்து உட்கார வைக்கும்.

செய்முறையில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது சுண்ணாம்பு நீக்கம். பிறந்த குட்டியின் தாடையை அப்படியே வெட்ட முடியாது. இடிடிஏ கரைசலில், நடுநிலைக்குச் சற்று மேலான காரத்தன்மையில், இரண்டு வாரமாவது ஊற வைக்க வேண்டும். வளர்ந்த எலிக்கு இன்னும் கூடுதல். அமிலம் வேகமானது, ஆனால் ஆர்என்ஏவையும் ஆன்டிபாடி ஒட்டும் இடங்களையும் கெடுத்துவிடும். அப்படி நீக்கிய பிறகு ஸ்லைடைப் பார்த்தால் டென்டினுக்கு மேலே வெள்ளை வெற்றிடம் தெரியும். பல் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதிர்ந்த எனாமல் கிட்டத்தட்ட முழுதும் தாது. அது கரைந்து போன இடம் அது. முதிராத எனாமல் மட்டும் புரதம் மிகுதியாக இருப்பதால் சாயம் ஏற்று நிற்கும். எனாமலை அளக்க வேண்டுமென்றால் ஊற வைப்பதற்கு முன்பே மைக்ரோ சிடி (நுண்ணிய முப்பரிமாண எக்ஸ்ரே படம்) எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, சீவலின் கோணம். வேரையும் நார்களையும் பார்க்கத் தாடையை நீளவாக்கில் வெட்ட வேண்டும். வேரின் கால்வாய் மேலிருந்து நுனி வரை ஒரே சீவலில் திறந்து தெரிந்தால்தான் அது நடுச் சீவல். அப்படித் தெரியாத சீவலில் வேர் நீளத்தையோ நார்களின் அகலத்தையோ அளக்காதீர்கள். "வேர் குட்டையாகிவிட்டது" என்று வரும் முடிவுகள் பலவற்றின் பின்னே சாய்ந்த சீவல் இருக்கும். உண்மையிலேயே வேர் வராமல் போன எலி எப்படி இருக்கும் என்று பார்க்க, என்எஃப்ஐசி மரபணு நீக்கப்பட்ட எலியின் படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்முடி (ஈறுக்கு மேலே தெரியும் பகுதி) இருக்கும், கடைவாய்ப்பல்லின் வேர் இருக்காது.

விலங்குக்கூடம் இல்லாத பல் மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதியே சிறந்த வாசல். வேர் முழுதாக வளராத நிலையில் அறுவை செய்து எடுக்கும் ஞானப்பல்லில் ஃபாலிக்கிளும், வேர் நுனியில் மென்மையான பாப்பில்லாவும் ஒட்டியிருக்கும். மற்ற இடங்களில் குப்பைக்குப் போகும் திசு அது. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பெற்றால், இரண்டிலிருந்தும் செல்களை வளர்க்கலாம். பல்லைப் பிடுங்கிய உடனே வளர்ப்பு நீர்மத்தில் போட்டு, குளிரில் வைத்து, அன்றே வேலையைத் தொடங்கும்படி அறுவைக் கூடத்தோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்.

எட்டாம் படி: இப்போது மரபணுவுக்கு வரலாம்

எம்எஸ்எக்ஸ்1 இல்லாத சுண்டெலியில் பல் மொட்டு நிலையிலேயே நின்றுவிடுகிறது என்று சட்டோகாட்டாவும் மாஸும் 1994இல் காட்டினார்கள். பாக்ஸ்9 இல்லாவிட்டாலும் அதே மொட்டு நிலையில் நிற்கிறது, இது 1998. அதிகாரம் மீசென்கைமிடம் போன பிறகு அது திருப்பிப் பேசாவிட்டால் மொட்டு தொப்பியாகாது என்பதே இதன் பொருள். மனிதர்களிடமும் இதே இரண்டு மரபணுக்களில் பிறழ்வுள்ள குடும்பங்களில் சில பற்கள் பிறவியிலேயே இல்லை. எம்எஸ்எக்ஸ்1 பிறழ்ந்த குடும்பத்தில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் ஞானப்பல்லும், பாக்ஸ்9 பிறழ்ந்த குடும்பத்தில் பெரும்பாலும் கடைவாய்ப்பற்களும்.

ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். மனிதரில் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே பல் குறைகிறது. சுண்டெலியில் ஒரு பிரதி போனால் பல் வழக்கம்போல வருகிறது. இரண்டும் போக வேண்டும். எலியில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, ஒரு குடும்பத்தில் கண்ட பிறழ்வைக் குற்றமற்றது என்று தள்ளிவிடாதீர்கள்.

பல்லோடு வேறு உறுப்புகளையும் கேட்டுப் பழகுங்கள். சிந்துப் பகுதியைச் சேர்ந்த ஒரு இந்துக் குடும்பத்தைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்தன; உடலில் முடி மிகக் குறைவு; கோடையில் தோல் வறண்டு துன்பப்பட்டார்கள். இன்று படிப்பவருக்கு இது ஈடிஏ என்ற மரபணு பழுதானதன் அடையாளம். பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் எபிதீலியம் தடித்து மீசென்கைமோடு பேசித் தொடங்குபவை. பேச்சின் ஒரு சொல் பழுதானால் மூன்றும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. பல் குறைந்த குழந்தை வந்தால் வியர்வையைப் பற்றியும் முடியைப் பற்றியும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: செய்திகளை எப்படிப் படிப்பது

"மூன்றாம் முறை பல் முளைக்க வைக்கும் மருந்து" என்று நீங்களும் படித்திருப்பீர்கள். ஜப்பானில் கியோட்டோவை மையமாகக் கொண்ட குழு, யூசாக்1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடியை உருவாக்கியது. அந்தப் புரதம் பிஎம்பி, விண்ட் சமிக்ஞைகளை அடக்கி வைக்கும் ஒன்று. பிறவியிலேயே பல் குறைந்த எலிகளில் அது பல்லை மீட்டது. ஃபெரெட்டில் கூடுதல் பல் ஒன்று வந்தது. இவை 2021இல் வெளிவந்தன. 2024இல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. முதல் கட்டம் மருந்து பாதுகாப்பானதா என்பதைப் பார்க்க மட்டுமே. பல் முளைத்ததா என்பதை அது தீர்மானிக்காது. நோக்கமும் பிறவியிலேயே பல் இல்லாதவர்களுக்கு உதவுவதுதான். சொத்தையில் பல்லைப் பறிகொடுத்தவர்கள் நாளையே க்யூவில் நிற்க வேண்டியதில்லை.

அதற்காக இதை அலட்சியமாகத் தள்ளவும் வேண்டாம். 2009இல் ஜப்பானின் சுஜி குழு, கருவின் எபிதீலியம், மீசென்கைம் ஆகிய இரு வகைச் செல்களையும் பிரித்து மறுபடி சேர்த்து வளர்த்த பல்லை எலியின் தாடையில் நட்டபோது, அது முளைத்தது, மெல்லும் பல்லாக இயங்கியது, அதைச் சுற்றி நார்களும் நரம்பும் அமைந்தன. ஆனால் அதற்கு எலிக் கருவின் செல்கள் தேவைப்பட்டன. அதே வேலையை வளர்ந்த மனிதரின் செல்களிலிருந்து செய்வதுதான் இன்னும் தீராத சிக்கல்.

இனி இப்படி ஒரு செய்தி கையில் கிடைத்தால், பல்முடியின் பளபளப்பான படத்தைத் தாண்டிப் போங்கள். எந்த விலங்கு, எந்த நாள், யாருடைய எபிதீலியம், யாருடைய மீசென்கைம் என்று பாருங்கள். பிறகு சீவல் படத்தைத் தேடி, வேர் இருக்கிறதா, வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார்கள் இரு பக்கமும் பதிந்திருக்கின்றனவா, அல்லது பல் நேராக எலும்போடு ஒட்டிவிட்டதா என்று சோதியுங்கள். எலும்போடு ஒட்டிய பல் நகராது, பல்சீரமைப்புக் கம்பிக்கும் இணங்காது. அந்தப் படம் கட்டுரையில் இல்லையென்றால், துணைத் தரவுகளில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் ஆசிரியர்களுக்கே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.